கண்ணுக்குள் சுணை: உளுந்து அறுவடைக் காலத்து நிகழ்வு ஆய்வு

"கண்ணுல மண்ண வாரிப் போட்டாப்புல இருக்கு டாக்டரம்மா. கசக்கினா செத்த நேரம் சொகமா இருக்கு. அப்புறம் ஒரே நெருப்பு."

மாசிக் கடைசியில் என் முன்னால் உட்கார்ந்து அந்த அக்கா சொன்னது இது. வயது 47. சொந்தமாக மூன்று மா (ஏறத்தாழ ஒரு ஏக்கர்) நிலம், மற்ற நாட்களில் கூலி வேலை. நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமம். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று இருவரும் பேசி முடிவு செய்தோம்.

இதில் அபூர்வ நோய் எதுவும் கிடையாது. தை பிறந்ததிலிருந்து சித்திரை முடியும்வரை என்னிடம் கண் காட்ட வருகிறவர்களில் பலருக்கும் இதே தொந்தரவுதான், கண் ஒவ்வாமை. இவரை முதல் தடவை நான் சரியாகப் பார்க்கவில்லை. எங்கே தவறினேன் என்பதைச் சொல்லிவிட்டால் இன்னும் சிலருடைய கண்ணுக்கு உதவும் என்று நம்புகிறேன்.

பருவம்

கண் மருத்துவப் புத்தகங்களில் இந்த ஒவ்வாமைக்கு வசந்தகாலத்தின் பெயர் ஒட்டியிருக்கும். குளிர்நாடுகளில் பனி விலகி மரங்கள் பூக்கும் மாதங்களில் கண் சிவந்து அரிப்பதைப் பார்த்து வைத்த பெயர் அது. நம் கணக்கில் சித்திரையும் வைகாசியும்தான் இளவேனில். ஆனால் டெல்டாவில் கண்ணுக்குப் பொல்லாத காலம் அதற்கு முன்பே, தை மாத அறுவடையோடு தொடங்கிவிடுகிறது.

ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மேட்டூர் அணையின் வழக்கமான கணக்கு. மூடிய சில நாட்களில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு எல்லாம் மணல் தெரிய ஆரம்பித்துவிடும். அந்தச் சமயத்தில்தான் சம்பா அறுவடை. கதிர் அறுக்கும் மிஷின் வயலில் இறங்கினால் பின்னால் புகை மாதிரி தூசு எழும். உமி, பதர், வைக்கோல் துகள், அதோடு பயிரின்மேல் இருக்கும் நுண்ணிய முடியான சுணை. கழுத்திலும் முழங்கையிலும் பட்டால் எப்படி அரிக்கும் என்று வயலில் இறங்கியவர்களுக்குத் தெரியும். அதே சுணை கண்ணுக்குள் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

நெல்லோடு விட்டால் பரவாயில்லை. அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே ஈரம் காயாத வயலில், நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் பனியையும் குடித்தே அது வளர்ந்து பங்குனியில் பிடுங்குகிற பதத்துக்கு வரும். உளுந்துச் செடியின் தண்டிலும் நெற்றிலும் சின்னச் சின்ன முடி இருக்கும். செடியைப் பிடுங்கிக் காயவைத்து, சாலையில் பரப்பி வண்டிச் சக்கரம் ஏறவிட்டு, முறத்தில் அள்ளித் தூற்றும்போது அந்த முடி அத்தனையும் முகத்துக்கு நேராகப் பறக்கும். பிடுங்குவது, அடிப்பது, தூற்றுவது எல்லாமே பெரும்பாலும் பெண்கள்தான். என்னிடம் இந்தக் காலத்தில் பெண்கள் அதிகம் வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

பூக்களின் மகரந்தமும் இதில் சேரும். வேம்பும் புங்கனும் பூக்கிற நேரம் இது என்பதால் பலரும் அவற்றைத்தான் குறை சொல்வார்கள். அவை பூச்சிகளை நம்பிப் பூக்கிற மரங்கள். மகரந்தம் வெகுதூரம் பறக்காது. காற்றை நம்பிப் பூக்கும் புல் வகைகளும் கடலோரச் சவுக்குமே அதிகம் பறக்கவிடும். ஆற்றங்கரையில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் மகரந்தமும் ஒவ்வாமை தரும். இவருக்கு எந்தத் தூள் காரணம் என்று தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை நான் செய்யவில்லை. எதுவென்று தெரிந்தாலும் அறுவடையை விட்டு அவரால் விலகி இருக்க முடியாது.

முதல் தடவை

இரண்டு கண்ணும் சிவந்திருந்தன. தண்ணீர் கொட்டியது. கண்ணின் உள்மூலையில் அரிப்பு தாங்கவில்லை என்றார். தும்மலும் இருந்தது. மூன்று வருடமாகத் தை, மாசியில் வருகிறது, வைகாசியில் தானாக விட்டுவிடுகிறது. பூளை கட்டவில்லை, பார்வை குறையவில்லை. சீசன் அலர்ஜி என்று எழுதினேன். ஓலோபட்டடின் என்ற ஒவ்வாமைச் சொட்டு மருந்து காலை மாலை ஒவ்வொரு சொட்டு, கண்ணைக் கசக்கக் கூடாது, குளிர்ந்த நீரில் துணி நனைத்து ஒத்தடம்.

எழுந்திருக்கும்போது மடியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். மெடிக்கலில் வாங்கிய செட்டிரிசின். "இதையும் போடலாமா?" போடுங்கள் என்றேன். வாசலில் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற ஒரு கேள்வியை நான் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை

பதினாறு நாள் கழித்து வந்தார். பங்குனி பாதி ஆகியிருந்தது, உளுந்து வேலை முழு வீச்சில் நடந்துகொண்டிருந்தது.

"அரிப்பு விட்டுடுச்சு. ஆனா இது அத விட மோசமா இருக்கு. காலையில இமை ஒட்டிக்கிட்டு, பிரிக்கிறப்ப உரிச்செடுக்கிற மாதிரி வலிக்குது. பொழுது சாஞ்சா வெளக்கைப் பார்க்க முடியல."

பேசிக்கொண்டிருக்கும்போதே பையிலிருந்து பாட்டிலை எடுத்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு மடக்கு. நாக்கை மேலண்ணத்திலிருந்து பிரித்து எடுக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

"தாகமா இருக்காக்கா?"

"எந்நேரமும். ராத்திரி தலமாட்டுல செம்பு வச்சுக்கிட்டுதான் படுக்கிறேன்."

இந்த முறை ஒன்று விடாமல் கேட்டேன். இரவு செட்டிரிசின். தும்மலுக்காகப் பகலில் ஒரு சளி மாத்திரை, சில நாள் இரண்டு. அட்டையின் பின்புறத்தைப் படித்தேன். குளோர்பெனிரமின் அதில் இருந்தது. ஆக ஒரே வேலையைச் செய்யும் இரண்டு மருந்து, கடையில் வேறு வேறு பெயரில் வாங்கியது. ஒவ்வாமையை அடக்குகிற இந்த மாத்திரைகளுக்கு உடம்பின் ஈரத்தைக் குறைக்கிற குணமும் உண்டு. மூக்கு ஒழுகுவது நிற்பதும் ஓரளவு அதனால்தான். மூக்கை மட்டும் பார்த்து அது வேலை செய்யாது. எச்சில் குறையும், கண்ணீரும் குறையும்.

அவர் பட்டது இரண்டு நோய். முதலில் வந்தது அரிப்பு, அது ஒவ்வாமை. பின்னால் வந்தது உறுத்தலும் எரிச்சலும், அது வறட்சி. முதலாவதற்குப் போட்ட மாத்திரை இரண்டாவதைக் கொண்டுவந்து விட்டது. அந்த மாத்திரையைத் தொடரச் சொன்னவள் நான்.

வயதும் சேர்ந்துகொண்டது. மாதவிடாய் நிற்கிற தறுவாயில் பெண்களுக்குக் கண்ணீரின் தரமும் அளவும் குறைவது வழக்கம். ஒரு வருடமாக அவருக்குத் தீட்டு ஒழுங்காக வரவில்லை. இரவில் முகத்துக்கு நேராக டேபிள் ஃபேன். முழுவதும் மூடாத இமைக்குள் விடிய விடியக் காற்று அடித்தால் காலையில் கண் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும்.

மாமியாரின் சொட்டு மருந்து

எல்லாம் கேட்டு முடித்து, கண்ணில் வேறு எதுவும் விட்டீர்களா என்றேன். தயங்கினார். மாமியாருக்கு ஐப்பசியில் கண்புரை ஆபரேஷன் ஆனது. மிச்சமிருந்த சொட்டு மருந்தை ஒன்பது நாளாக விடுகிறார். விட்டதும் சிவப்பு போய்விடுகிறதாம்.

போகத்தான் செய்யும். அறுவை சிகிச்சைக்குப் பின் வீக்கம் வற்றுவதற்குக் கொடுக்கிற ஸ்டீராய்டு அது. விட்டால் சீக்கிரமே கண் பளிச்சென்று ஆகும். அதனால்தான் அது வீட்டுக்கு வீடு கைமாறுகிறது. வாரக்கணக்கில் விட்டால் கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பைத் தின்னும். மாதக்கணக்கில் விட்டால் அதுவே புரையை உண்டாக்கும்.

வயல் வேலை செய்கிறவருக்கு அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நெல் தாளோ வைக்கோலோ கருவிழியில் கீறினால் அந்தக் கீறல் வழியாகப் பூஞ்சை உள்ளே போகும். தமிழ்நாட்டில் இப்படி வரும் புண்களில் பெரும்பாலானவை ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற இரண்டு பூஞ்சை வகைகளால் வருபவை. இரண்டுமே மண்ணிலும் மக்கிய செடியிலும் வாழ்கிறவை. அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு விழுந்தால் உடம்பின் காவல் இறங்கிவிடும், பூஞ்சை தடையில்லாமல் வளரும். வெளியே சிவப்பு குறைந்துகொண்டே வரும்போது உள்ளே கருவிழி கரைந்துகொண்டிருக்கும். அப்படி ஒரு கண்ணை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கண்ணில் தாள் குத்திய பிறகு வலி இருந்தாலோ, வெளிச்சம் பட்டால் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளையாகப் பொட்டு தெரிந்தாலோ, அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விட வேண்டும். அறுவடை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாய்ப்பால் பீய்ச்சுவது, இலைச் சாறு பிழிவது, குளத்துத் தண்ணீரில் கண்ணைக் கழுவுவது எதுவும் வேண்டாம். நந்தியாவட்டைப் பூவை மூடிய இமைமேல் குளிர்ச்சிக்கு வைத்துக்கொள்ள நான் தடை சொல்வதில்லை. அது கண்ணுக்குள் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இவருக்கு நல்லவேளை, புண் இல்லை.

பரிசோதனையில் தெரிந்தது

பார்வை இரு கண்ணிலும் 6/9 (6/6 இருந்தால் முழுப் பார்வை). அழுத்தம் வலது 18, இடது 19. ஸ்டீராய்டால் ஏறவில்லை. மேல் இமையைப் பஞ்சுக் குச்சியால் மடித்துத் திருப்பினேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். உள்பக்கம் கடுகு தூவியது போல் சிவந்த பருக்கள், ஒவ்வாமையின் அடையாளம். இடது இமையின் ஓரத்தில் ஒரு உமித் துணுக்கு ஒட்டியிருந்தது. அரிசியில் கால்வாசிகூட இருக்காது. அது ஒவ்வொரு தடவை கண் சிமிட்டும்போதும் கருவிழியில் நெடுக்காகக் கோடு கோடாக இழுத்திருந்தது. ஈரப் பஞ்சால் துடைத்து எடுத்ததும் அவர் இரண்டு தடவை கண்ணைக் கொட்டிப் பார்த்துவிட்டு, "இதுவா!" என்றார்.

ஃப்ளூரசின் சாயம் தடவி நீல வெளிச்சத்தில் பார்த்தேன். கண்ணீர்ப் படலம் பச்சையாக ஒளிரும். சிமிட்டாமல் இருக்கச் சொல்லி எண்ண வேண்டும். நல்ல கண்ணில் பத்து வினாடி தாண்டியும் படலம் கலையாது. இவருக்கு நாலாவது எண்ணிக்கையிலேயே பச்சையில் கறுப்பு ஓட்டைகள் விழுந்தன. கருவிழியின் கீழ்ப்பாதியில் ஊசி குத்தியது போலப் புள்ளிகள். அடுத்தது ஷிர்மர் சோதனை. கீழ் இமையில் ஒரு தாள் துண்டைச் செருகி ஐந்து நிமிடம் கழித்து எவ்வளவு நனைந்திருக்கிறது என்று பார்ப்பது. 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் நிம்மதி. வலது 6, இடது 5. இமை விளிம்பை அழுத்தினால் எண்ணெய் தெளிவாக வர வேண்டும். பற்பசை மாதிரி வெள்ளையாக வந்தது.

"தண்ணியா கொட்டுதே, காஞ்சு போச்சுங்கிறீங்களே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இவரைப் போல இன்னும் பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள்.

வரப்பில் எலி வளை இருந்தால் வயலில் தண்ணீர் நிற்குமா என்று திருப்பிக் கேட்டேன். எவ்வளவு கட்டினாலும் நிற்காது என்றார். கண்ணிலும் அப்படித்தான். கண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. கருவிழியோடு ஒட்டிக்கொள்ளப் பிசுபிசுப்பான ஓர் அடிப்பூச்சு, நடுவில் தண்ணீர், ஆவியாகாமல் மூட மேலே மெல்லிய எண்ணெய். எண்ணெய் சுரக்கிற துளைகள் அடைத்துப்போனால் தண்ணீர் நிற்பதில்லை. கண் காய்ந்து எரியும்போது மூளை பதறிப்போய் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்துவிடும். அது கன்னத்தில் வழிந்து ஓடிவிடும், கண்ணுக்கு ஒட்டாது. மறு நிமிடம் கண் மறுபடி காய்ந்துவிடும். கேட்டுவிட்டு, "வரப்ப அடைங்க டாக்டரம்மா" என்றார்.

என்ன செய்தோம்

இரண்டு மாத்திரையையும் நிறுத்தினோம். தும்மலுக்கு மூக்கில் அடிக்கிற மருந்து கொடுத்தேன். மாமியாரின் மருந்தை அங்கேயே குப்பையில் போட்டார். ஓலோபட்டடின் தொடர்ந்தது, இமையில் அந்தப் பருக்கள் இருக்கும்வரை அது வேண்டும். அதோடு கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ் 0.5 சதவீதம், சாதாரணமாகச் செயற்கைக் கண்ணீர் என்று சொல்வது, ஒரு நாளைக்கு ஆறு தடவை. படுக்கும்போது ஜெல். சொட்டு மருந்து கெட்டுப்போகாமல் இருக்கச் சேர்க்கிற பென்சால்கோனியம் குளோரைடே அடிக்கடி விட்டால் கண்ணை எரிக்கும். அதனால் அது இல்லாத புட்டியாக எழுதினேன். விலை கொஞ்சம் கூடுதல்தான். முதல் ஆறு வாரத்துக்காவது அது வேண்டும் என்று சொல்லிப் புரியவைத்தேன்.

சொட்டு விடுவதை என் எதிரிலேயே செய்யச் சொன்னேன். நாலு சொட்டு மடமடவென்று விட்டார், மூன்று கன்னத்தில் வழிந்தது. கண் ஒரு சொட்டைக்கூட முழுதாகப் பிடித்துக்கொள்ளாது. கீழ் இமையை இழுத்து ஒரு சொட்டு, கண்ணை மூடி மூக்கோரத்தில் ஒரு நிமிடம் விரலால் அழுத்தினால் போதும். இரண்டு மருந்துக்கு நடுவில் பத்து நிமிடம். புட்டி திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் மிச்சம் இருந்தாலும் வேண்டாம். மூன்று தடவை செய்து காட்டிய பிறகு சரியாக வந்தது.

ஒத்தடத்தில் இரண்டு வகை சொன்னேன். காலையில் எழுந்ததும் வெந்நீரில் பிழிந்த துணி, கை பொறுக்கிற சூடு, ஐந்து நிமிடம், பிறகு இமையை விளிம்பை நோக்கி மெதுவாக நீவுவது. அது உறைந்த எண்ணெயை இளக்க. வயலிலிருந்து வந்து அரித்தால் மண்பானைத் தண்ணீரில் நனைத்த துணி. அது அரிப்பை அடக்க. இந்த இரண்டை மாற்றிச் செய்யக் கூடாது. அரிக்கிற கண்ணுக்குச் சூடு வைத்தால் இன்னும் அரிக்கும்.

வேலையை விடச் சொல்லவில்லை. உளுந்து பிடுங்குவதைப் பனி காயும் முன்பே முடித்துவிட முடியுமா என்று கேட்டேன். நெற்று வெடித்துச் சிதறாமல் இருக்க எப்படியும் விடியற்காலையில்தான் பிடுங்குவோம் என்றார். என் பங்குக்கு அதை இன்னும் அரை மணி முன்னால் தள்ளினோம். கண்ணாடிதான் சிரமம். மன்னார்குடியில் பக்கவாட்டில் மறைப்பு வைத்த சாதாரணக் கண்ணாடி வாங்கினார். வேர்வையில் மூடிக்கொண்டு ஒன்றும் தெரியவில்லை என்று இரண்டே நாளில் கழற்றி வைத்துவிட்டார். பிடுங்கும்போது வேண்டாம், அடிக்கும்போதும் தூற்றும்போதும் மட்டும் போடுங்கள் என்று குறைத்துக்கொண்டேன். தூற்றுவது அரை நாள் வேலை, அதற்கு ஒத்துக்கொண்டார். காற்றுக்கு முதுகு கொடுத்து நிற்பது, வீட்டுக்கு வந்ததும் தலையோடு குளித்துப் புடவை மாற்றிய பிறகே பாயில் உட்காருவது, ஃபேனைக் கால்மாட்டுக்குத் திருப்புவது, தலையணை உறையை மூன்று நாளுக்கு ஒரு தடவை துவைப்பது. துவைத்ததை வேலியில் காயப்போடாமல் வீட்டுக்குள் கொடியில் போடச் சொன்னேன்.

வாயும் கண்ணும் சேர்ந்து வறண்டால் மருத்துவர் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளை உடம்பே தாக்குகிற ஷோக்ரன் நோய். மூட்டு வலி, காலையில் விரல் மடங்காமை இருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. சர்க்கரையும் பார்த்தோம், சரியாக இருந்தது. மாத்திரை நின்றும் மூன்று வாரத்தில் வாய் வறட்சி போகவில்லை என்றால் ரத்தப் பரிசோதனைக்குத் திருவாரூர் அனுப்புவது என்று குறித்து வைத்தேன்.

பிறகு

ஒரு வாரத்தில் தொலைபேசியில் பேசினார். தலைமாட்டில் செம்பு வைப்பதில்லை. திருவாரூர் போக வேண்டி வரவில்லை.

பத்தாம் நாள் இடது கருவிழியின் கோடுகள் மறைந்திருந்தன. படலம் ஆறு எண்ணும்வரை நின்றது. அரிப்பு கொஞ்சம் திரும்பியிருந்தது. மாத்திரை இல்லாததால் வருகிறது என்று பயந்தார். ஓலோபட்டடினை வேளை தவறாமல் விடுகிறாரா என்று கேட்டால், செயற்கைக் கண்ணீர் விடுவதால் அதைப் பாதி நாள் விட்டுவிட்டிருக்கிறார். ஒன்று வரப்புக்கு, ஒன்று எலிக்கு என்றேன். அப்புறம் தவறவில்லை.

ஆறாவது வாரம், சித்திரைக் கடைசி. படலம் ஒன்பது. ஷிர்மர் வலது 11, இடது 10. பார்வை 6/6. பருக்கள் தட்டையாகிவிட்டன. சாயங்காலம் செல்போனில் தொடர் பார்த்தால் மட்டும் கொஞ்சம் எரிகிறது என்றார். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால் விளம்பரம் வரும்போதெல்லாம் கண்ணை மூடித் திறக்கச் சொன்னேன். செயற்கைக் கண்ணீரை நாளுக்கு மூன்றாகக் குறைத்தோம். அடுத்த தையில் அறுவடைக்கு இரண்டு வாரம் முன்பே வந்து ஒவ்வாமைச் சொட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்று சீட்டின் மேலே எழுதிக் கொடுத்தேன்.

என் பக்கம் இரண்டு மாற்றம். தையிலிருந்து வைகாசிவரை சிவந்த கண்ணோடு யார் வந்தாலும் மேல் இமையைத் திருப்பாமல் அனுப்புவதில்லை. சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் வீட்டில் இருக்கும் சொட்டு மருந்துகளையும் மறக்காமல் எடுத்து வரச் சொல்லி, சீட்டு எழுதும் பெண்ணிடமே சொல்லிவைத்திருக்கிறேன்.

தை ஐந்தாம் தேதி அந்த அக்கா வந்தார். கண் வெளுப்பாக இருந்தது. இன்னும் அறுவடை தொடங்கவில்லை. பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். பழைய சொட்டு மருந்துப் புட்டிகள் ஏழு. இரண்டு மாமியாருடையது, மற்றவை தெருவில் வீடு வீடாகக் கேட்டு வாங்கியது. "இதுல எது நல்லது, எது கெட்டதுன்னு எனக்குத் தெரியல. நீங்களே தூக்கிப் போட்டுருங்க" என்றார். படித்துப் பார்த்தேன். நாலில் ஸ்டீராய்டு இருந்தது.